தூங்கி எழுந்த மடிக்கணினியில் மவுஸ் அசையவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் இதைப் பாருங்கள்

இரவு பாடம் முடித்துவிட்டுப் பிள்ளைகள் மடிக்கணினியை அப்படியே மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். காலையில் திறந்தால் திரை வருகிறது, கடவுச்சொல் கேட்கிறது, விசைப்பலகையில் தட்டினால் எழுத்தும் விழுகிறது. அம்புக்குறி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. டச்பேட்டை விரலால் எவ்வளவு தேய்த்தாலும் அசைவதில்லை. சில வீடுகளில் யுஎஸ்பியில் செருகிய மவுஸும் அதே கதைதான். அடியில் சிவப்பு விளக்குகூட எரிவதில்லை.

பிள்ளைக்கு அன்று அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய கெடு நாளாக இருக்கும். அவசரத்தில் அப்பா கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடைக்கு ஓடுவார். “அண்ணே, விண்டோஸ் அடிவாங்கிருச்சு, ஃபார்மெட் பண்ணணும்” என்று அங்கே ஒரு வார்த்தை சொல்வார்கள். எல்லாக் கடையும் அப்படியல்ல. பொறுமையாகப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்து, காசு வாங்காமல் அனுப்பும் தம்பிகளும் இருக்கிறார்கள். ஆனால் ஃபார்மெட் என்ற சொல்லுக்குத் தலையாட்டும் முன், அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். எஸ்பிஎம் மாணவரின் குறிப்புகள், பல்கலைக்கழகப் பாட வேலைகள், ஸ்கேன் செய்துவைத்த பிறப்புச் சான்றிதழ், இறந்துபோன பாட்டியின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். வேறெங்கும் பிரதி எடுத்து வைக்காவிட்டால் அவை திரும்பி வராது. கட்டணத்தைவிட இதுதான் பெரிய இழப்பு.

உறக்க நிலையிலிருந்து எழுந்ததும் மவுஸ் நின்றுபோவதற்கு ஃபார்மெட் பெரும்பாலும் தேவையே இல்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மவுஸ் பழையபடி ஓடினால் கருவி உடையவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். உடைந்த டச்பேட் ரீஸ்டார்ட் செய்வதால் பிழைத்துக்கொள்ளாது. கோளாறு இருப்பது தூங்குவதிலும் எழுவதிலும்தான், அதற்கான திருத்தமும் கணினியின் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது.

கணினித் திரையில் இருப்பவை ஆங்கிலச் சொற்கள் என்பதால், தேட வேண்டிய பெயர்களை அதே ஒலியில் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் கீழ்க்காணும் வழிகள் பொருந்தும்.

ஏன் மவுஸ் மட்டும் எழுவதில்லை?

மூடியை மூடினால் கணினி அணைந்துவிடுவதில்லை. வழக்கமான ‘ஸ்லீப்’ நிலையில், செய்துகொண்டிருந்த வேலை எல்லாம் ரேம் நினைவகத்தில் இருக்கும்; அதற்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். திரை, வட்டு, யுஎஸ்பி துளைகள், டச்பேட் ஆகியவற்றுக்கு மின்சாரம் நிறுத்தப்படும் அல்லது குறைக்கப்படும். பேட்டரி தீராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

திறக்கும்போது விண்டோஸ் ஒவ்வொரு கருவியையும் வரிசையாக எழுப்ப வேண்டும். அப்படி எழுப்பும் வேலையைச் செய்வது அந்தந்தக் கருவிக்குரிய ‘டிரைவர்’ என்னும் சிறு மென்பொருள். டிரைவர் பழையதாக இருந்தாலோ, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பொருந்தாமல் போனாலோ, கருவிக்கு மின்சாரம் திரும்பியும் அது பேச்சுக் கொடுக்காது. தோட்டத்தில் பெரட்டுக்கு எல்லாரும் வந்து நிற்க, ஒருவர் மட்டும் பெயர் கூப்பிட்டது காதில் விழாமல் தூங்கிக்கொண்டிருப்பதைப் போலத்தான். ஆளுக்கு நோய் ஒன்றும் இல்லை, எழுப்பிய விதம்தான் சரியில்லை.

விசைப்பலகை வேலை செய்கிறதே, டச்பேட் ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். பல மடிக்கணினிகளில் இரண்டும் வெவ்வேறு பாதையில் இணைக்கப்பட்டிருக்கின்றன. சில ஆண்டுகளாக வரும் டச்பேட்டுகளில் பெரும்பாலானவை ‘ஐ2சி’ என்னும் பாதை வழியே பேசுகின்றன. விசைப்பலகையோ பல கணினிகளில் இன்னும் பழைய பாதையிலேயே இருக்கிறது. ஒரு பாதை எழாவிட்டாலும் மற்றொன்று எழுந்துவிடும்.

முதலில் இரண்டு சின்னச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

டச்பேட்டை அணைக்கவும் திறக்கவும் பல கணினிகளில் ஒரு விசை உண்டு. மேல் வரிசையில் எஃப்5 முதல் எஃப்10 வரை உள்ள ஏதாவது ஒன்றில், சின்னச் சதுரப் பலகையின் படமோ அதன் மேல் குறுக்குக் கோடோ போட்டிருக்கும். மூடித் திறக்கும்போது விரல் பட்டு அது அணைந்திருக்கலாம். ‘எஃப்என்’ விசையை அழுத்திக்கொண்டு அதை ஒருமுறை தட்டிப் பாருங்கள். சில பழைய கணினிகளில் டச்பேட்டின் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி இருக்கும். அதை இரண்டு முறை தட்டினால் டச்பேட் அணையும், மறுபடி தட்டினால் திறக்கும்.

இரண்டாவது, அம்புக்குறி நின்றுவிட்டதா, இல்லை கண்ணுக்கே தெரியவில்லையா என்று கவனியுங்கள். தெரியவில்லை என்றால் கோளாறு மவுஸில் இல்லாமல் திரைக்குரிய டிரைவரில் இருக்கலாம். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’ எழுத்தைத் தட்டுங்கள். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. அம்புக்குறி திரும்பிவிட்டால் விஷயம் அவ்வளவுதான்.

மவுஸ் இல்லாமல் ரீஸ்டார்ட் செய்வது

அம்புக்குறி அசையாதபோது எதை எப்படி அழுத்துவது என்று தெரியாமல்தான் பலர் பவர் பட்டனை நீட்டி அழுத்திக் கணினியைக் கொன்றுவிடுகிறார்கள். சேமிக்காத வேலை அதில் போய்விடும். விசைப்பலகை வேலை செய்யும்வரை அந்த முரட்டு வழி தேவையில்லை.

முதலில் கன்ட்ரோல் விசையுடன் ‘எஸ்’ அழுத்தித் திறந்திருக்கும் வேலையைச் சேமியுங்கள். பிறகு விண்டோஸ் விசையுடன் ‘எக்ஸ்’ அழுத்தினால் திரையின் கீழ்ப்பக்கம் ஒரு பட்டியல் எழும். அதில் ‘யூ’ எழுத்தைத் தட்டி, தொடர்ந்து ‘ஆர்’ எழுத்தைத் தட்டினால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே மாட்டிக்கொண்டால் இந்தப் பட்டியல் வராது. அங்கே ‘டேப்’ விசையைத் தட்டிக்கொண்டே போனால் வலது கீழ் மூலையில் உள்ள பவர் படத்துக்கு வந்து சேர்வீர்கள். ‘என்டர்’ தட்டி, அம்பு விசைகளால் ரீஸ்டார்ட்டைத் தேர்ந்து மறுபடி என்டர்.

நம்பர் விசைகள் தனியாக உள்ள கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், ‘நம்லாக்’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘மவுஸ் கீஸ்’ வேண்டுமா என்று கேட்கும். சரி என்றால் 8, 2, 4, 6 எண்களே அம்புக்குறியை நான்கு திசைக்கும் நகர்த்தும். 5ஐத் தட்டினால் கிளிக். மெதுவாகத்தான் நகரும், ஆனாலும் அவசரத்துக்கு உதவும்.

“நான்தான் ஷட்டவுன் செய்தேனே, சரியாகவில்லையே?”

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. காரணம் பலருக்கும் தெரியாது. 2012இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் செயலிகள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்படும். மறுநாள் பட்டனை அழுத்தியதும் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு வேகமாகத் திறக்கும். மவுஸின் டிரைவர் குழம்பிய நிலையில் இருந்தால் அந்தக் குழப்பமும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்பி வரும்.

ரீஸ்டார்ட் அப்படியல்ல. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும். அதனால்தான் பத்து முறை ஷட்டவுன் செய்தும் தீராத கோளாறு ஒரே ரீஸ்டார்ட்டில் தீர்கிறது. உண்மையான ஷட்டவுன் வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைத் தேர்வு செய்யுங்கள்.

அடிக்கடி தொல்லை கொடுத்தால் இந்த ஏற்பாட்டையே எடுத்துவிடலாம். ஸ்டார்ட் பட்டியலில் ‘கன்ட்ரோல் பேனல்’ என்று தட்டித் திறந்து, ‘பவர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய், இடப்பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்பதை அழுத்துங்கள். கீழே உள்ளவை மங்கலாக இருக்கும். மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்’ என்ற வரியை அழுத்தினால் தெளிவாகிவிடும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதன் எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். திறக்கும் நேரம் சற்றுக் கூடும். எஸ்எஸ்டி வட்டு உள்ள கணினியில் அது பெரிதாகத் தெரியாது. பழைய ஹார்டிஸ்க் கணினியில் ஒரு காப்பி கலக்கும் நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மின்சேமிப்பு அனுமதியை எடுப்பது

ரீஸ்டார்ட் அன்றைய வேலைக்கு வழிசெய்துவிடும். மறுநாள் மூடித் திறந்தால் மறுபடி அதே கதை என்றால், அடியோடு தீர்க்கப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சாதாரண யுஎஸ்பி மவுஸை, ரீஸ்டார்ட் செய்த பிறகு செருகி வைத்துக்கொள்வது நல்லது. பாசார் மாலாமில் வாங்கிய மலிவு மவுஸ் போதும். அதுவும் இல்லாவிட்டால் விசைப்பலகையாலேயே செய்யலாம்.

விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி, ‘எம்’ எழுத்தைத் தட்டுங்கள். ‘டிவைஸ் மேனேஜர்’ திறக்கும். கணினிக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளின் பெயர்ப் பட்டியல் அது. டேப் விசையைத் தட்டிப் பட்டியலுக்குள் போய், மேல்கீழ் அம்புகளால் நகருங்கள். வலது அம்பைத் தட்டினால் ஒரு பிரிவு விரியும். ஆல்ட்டுடன் என்டர் தட்டினால் அந்தக் கருவியின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பெட்டி வரும். கன்ட்ரோலுடன் டேப் தட்டினால் பெட்டிக்குள் அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போகலாம்.

நாம் தேடும் பக்கத்தின் பெயர் ‘பவர் மேனேஜ்மென்ட்’. அதில் ‘அலவ் த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ் டு சேவ் பவர்’ என்று ஒரு வரி இருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த இந்தக் கருவியைக் கணினி அணைத்துக்கொள்ளலாம் என்று நாம் கொடுத்திருக்கும் அனுமதி அது. நாம் அறிந்து கொடுத்ததில்லை, கணினி வரும்போதே டிக் போட்டு வருகிறது. அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுக்க வேண்டும்.

எந்தக் கருவிக்கு எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டச்பேட் மட்டும் நின்றுபோகும் கணினி என்றால் ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ என்ற பிரிவை விரித்து, ‘ஐ2சி எச்ஐடி டிவைஸ்’ என்று இருப்பதைப் பாருங்கள். ‘மைஸ் அண்ட் அதர் பாயிண்டிங் டிவைசஸ்’ பிரிவில் சினாப்டிக்ஸ், எலான் போன்ற பெயர்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். டச்பேட் தயாரிக்கும் நிறுவனங்களின் பெயர்கள் அவை. யுஎஸ்பி மவுஸ்தான் நின்றுபோகிறது என்றால், பட்டியலின் கடைசிப் பக்கம் ‘யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்’ என்று ஒரு பிரிவு இருக்கும். அதற்குள் ‘யுஎஸ்பி ரூட் ஹப்’ ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கும். ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எடுத்துவிட்டு மவுஸை வேறு துளையில் செருகினால் பயனில்லை.

மவுஸின் அதே பக்கத்தில் ‘அலவ் திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்’ என்று இரண்டாவது வரியும் இருக்கலாம். மவுஸை அசைத்தால் கணினி எழ வேண்டுமா என்பதற்கான அனுமதி அது. அதில் டிக் இருக்கட்டும். இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மாற்றிவிடாமல் நிதானமாகப் படியுங்கள்.

யுஎஸ்பிக்கு இன்னொரு பூட்டும் உண்டு. முன்பு சொன்ன பவர் ஆப்ஷன்ஸில் நீங்கள் பயன்படுத்தும் திட்டத்தின் அருகே ‘சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்’, பிறகு ‘சேஞ்ச் அட்வான்ஸ்ட் பவர் செட்டிங்ஸ்’. வரும் சின்னப் பெட்டியில் ‘யுஎஸ்பி செட்டிங்ஸ்’ விரித்து, ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை ‘டிசேபிள்ட்’ என்று மாற்றுங்கள். பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என்று இரண்டு வரி இருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். பெரும்பாலான வீடுகளில் மடிக்கணினி மேசையில் சார்ஜரோடுதான் இருக்கிறது என்பதால் அது பெரிய நட்டமில்லை.

அந்தப் பக்கமே இல்லாத கணினிகள்

புதிதாக வாங்கிய கணினிகளில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் தேடிக் காணாமல் சிலர் குழம்புவதுண்டு. புதுக் கணினிகளில் பலவற்றில் பழைய ஸ்லீப் நிலை கிடையாது. ‘மாடர்ன் ஸ்டேண்ட்பை’ என்ற வேறு ரகம். கைப்பேசி திரை அணைந்தபின்னும் உள்ளே விழித்திருப்பதுபோல இந்தக் கணினியும் மூடியபின் அரைத் தூக்கத்தில் இருக்கும். மின்சேமிப்பை விண்டோஸ் தன் கையிலேயே வைத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் நமக்குக் காட்டப்படுவதில்லை. இடையில் ஒரு வார்த்தை: இப்படிப்பட்ட கணினியை மூடி அப்படியே பையில் திணித்து, வெயிலில் நிற்கும் காரின் பூட்டில் போடாதீர்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் கணினி சூடாகும், காற்றுப் போகாத பைக்குள் இன்னும் சூடாகும். வெளியே கொண்டுபோகும் நாளில் ஷிஃப்ட்டுடன் ஷட்டவுன் செய்துவிடுவதே நல்லது.

இந்த ரகத்தில் வேலையை டிரைவர் வழியாகத்தான் செய்ய வேண்டும். டிவைஸ் மேனேஜரில் டச்பேட்டின் மேல் நின்று ஷிஃப்ட்டுடன் எஃப்10 தட்டினால் சிறு பட்டியல் வரும். ‘டிசேபிள் டிவைஸ்’ கொடுத்து, சில நொடி விட்டு ‘எனேபிள் டிவைஸ்’ கொடுங்கள். டச்பேட் உயிர்பெற்றால் நோயின் இடம் உறுதியாகிவிட்டது. அடுத்து அதே பட்டியலில் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் டச்பேட்டைப் புதிதாகக் கண்டுபிடித்து நிறுவிக்கொள்ளும். அப்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு டிக் கேட்டால், கையில் வேறு டிரைவர் இல்லாதவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

புது டிரைவர் வேண்டுமென்றால் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்துக்கே போங்கள். டச்பேட் டிரைவர், ‘சிப்செட்’ டிரைவர், இன்டெல் கணினியாக இருந்தால் ‘சீரியல் ஐஓ’ என்ற டிரைவர், இந்த மூன்றையும் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குள் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்ற இடத்திலும் டிரைவர்கள் காத்திருக்கலாம். “உங்கள் டிரைவர் பழையது, இங்கே அழுத்துங்கள்” என்று கூகிளில் முதலாவதாக வந்து நிற்கும் விளம்பர மென்பொருள்களை நம்பி இறக்காதீர்கள். மவுஸைச் சரிசெய்யப் போய் வேறு குப்பையை வீட்டுக்குள் விட்டதாகிவிடும்.

அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்று நிச்சயமாகத் தெரிந்தால் வழி தலைகீழ். பிராப்பர்ட்டீஸ் பெட்டியின் ‘டிரைவர்’ பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தினால் பழையது திரும்பும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் திரும்பப் பழையது எதுவும் சேமிப்பில் இல்லை என்று பொருள்.

பயாஸ் அப்டேட்டும் சில கணினிகளில் இந்த நோயைத் தீர்க்கும். ஆனால் அதில் அவசரம் கூடாது. நடுவில் மின்சாரம் நின்றால் கணினியே திறக்காமல் போகலாம். இடி மின்னல் நாளில் தொடாதீர்கள். பேட்டரியும் நிறைந்து சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸ் மாறியதும் ‘பிட்லாக்கர்’ 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைக் கடைக்காரராலும் எடுக்க முடியாது.

எதுவும் பலிக்காவிட்டால் ஸ்லீப்பையே தவிர்க்கும் வழி இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் ‘சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்’ என்ற இடத்தில் மூடியை மூடினால் ‘ஹைபர்னேட்’ ஆகும்படி மாற்றலாம். வேலை முழுவதும் வட்டில் எழுதப்பட்டுக் கணினி முற்றாக அணையும். திறக்க நேரம் பிடிக்கும், ஆனால் பல கணினிகளில் மவுஸ் ஒழுங்காக எழும்.

கம்பியில்லா மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு

புளூடூத் மவுஸ் தானும் தூங்கும். கணினி எழுந்ததும் அதை அசைத்தால் போதாது, ஒருமுறை கிளிக் செய்து சில நொடி பொறுங்கள். அதற்கும் வராவிட்டால் அடியில் உள்ள சுவிட்சை அணைத்துப் போடுங்கள், பேட்டரியை மாற்றிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘புளூடூத்’ பிரிவில் உள்ள கருவிக்கும் முன்பு சொன்ன மின்சேமிப்பு டிக் இருக்கலாம்.

சின்ன யுஎஸ்பி துண்டு செருகும் வகை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. யுஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் செருகிய ஹார்டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதியிருக்கிறது. மவுஸ் விட்டுவிட்டு ஓடினால் துண்டை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது குட்டை நீட்டிப்புக் கம்பியில் செருகித் தள்ளிவையுங்கள்.

குரோம்புக் வேறு வகை. மலேசியாவில் செர்டிக் போன்ற திட்டங்களின் வழி பி40 குடும்ப மாணவர்களுக்குக் கிடைத்த கருவிகளிலும், சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வைத்திருக்கும் கற்றல் கருவிகளிலும் இவை உண்டு. டச்பேட் நின்றால் எஸ்கேப் விசையைப் பலமுறை தட்டி, பத்து விநாடி டச்பேட்டின் மேல் தாளம் போடுவதுபோல விரல்களால் தட்டச் சொல்கிறது கூகிள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அதிகாரபூர்வ ஆலோசனையே அதுதான். அதற்கும் அசையாவிட்டால் கணினியை அணைத்து, ‘ரிஃப்ரெஷ்’ விசையைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனைத் தட்டுங்கள். பள்ளியின் கட்டுப்பாட்டு மென்பொருள் உள்ள கருவி என்றால் அதற்குமேல் வீட்டில் நோண்டாமல் பள்ளியிடமே கொடுப்பது நல்லது.

டச்பேட் மேலெழும்பி இருந்தால் உடனே நிறுத்துங்கள்

இது மட்டும் மென்பொருள் கோளாறு இல்லை. டச்பேட் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறதா, அழுத்தினால் கிளிக் ஆகாமல் இறுகியிருக்கிறதா, கணினியை மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். பல மடிக்கணினிகளில் டச்பேட்டின் அடியில்தான் பேட்டரி இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், பல ஆண்டு சார்ஜரிலேயே கிடந்த பேட்டரி வீங்கி டச்பேட்டைக் கீழிருந்து தள்ளும். அப்படியானால் சார்ஜரைக் கழற்றுங்கள், கணினியை அணையுங்கள், டச்பேட்டை அழுத்தி உள்ளே தள்ள முயலாதீர்கள். வீங்கிய பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். மெத்தை, நாற்காலி பஞ்சு இவற்றின் மேல் வைக்காமல் சிமெண்டுத் தரையில் வைத்து, விரைவில் பேட்டரி மாற்றக் கொடுங்கள். இதற்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அம்புக்குறி தானாகத் துள்ளுகிறது என்றால் சந்தேகம் சார்ஜர் மேல். நிறுவனத்தின் சார்ஜர் பழுதாகி, மலிவான மாற்றுச் சார்ஜர் வாங்கிய வீடுகளில் இது சகஜம். எர்த் இணைப்பு இல்லாத சார்ஜரின் மின்கசிவு டச்பேட்டைக் குழப்பும். கழற்றிப் பாருங்கள், துள்ளல் நின்றால் நல்ல மூன்று முனை சார்ஜர் வாங்குங்கள்.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால்

முதலில் பிரதி எடுங்கள். விண்டோஸ் விசையுடன் ‘ஈ’ தட்டினால் கோப்புறைகள் திறக்கும். கன்ட்ரோலுடன் ‘சி’ நகலெடுக்கும், கன்ட்ரோலுடன் ‘வி’ பென்டிரைவில் ஒட்டும். மவுஸ் இல்லாமலே முடியும்.

கடையில் “மவுஸ் கெட்டுப்போச்சு” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். “ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் மட்டும் டச்பேட் வருவதில்லை, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது” என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியே போதும். நீங்கள் செய்து பார்த்தவற்றையும் சொல்லுங்கள். எங்களிடம் கேட்காமல் ஃபார்மெட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லோயாட் பிளாசாவானாலும் சிம் லிம் ஸ்குவேரானாலும் உங்கள் ஊர்க் கடைவீதியானாலும் இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதிதாக வாங்கிய கணினி என்றால் நீங்கள் எதையும் கழற்றாமல் உத்தரவாதத்தைப் பயன்படுத்துங்கள். மலேசியாவில் விற்றவரோ பழுதுபார்த்தவரோ தட்டிக்கழித்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் சட்டத்தின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு விற்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. பழைய கணினி வாங்கியவர்களுக்கும் அது பொருந்தும். இரண்டு நாட்டிலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். கணினிப் பெட்டிக்குள்ளேயே அதைப் போட்டு வையுங்கள். வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும் என்பதால் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.